அச்சு யார் கையில்?

இத்தாலியில் ஒரு குடும்பம் பொம்மைக் கார் செய்து உலகப் புகழ் பெற்று, பெயரையே இழந்தது. சென்னையில் ஒரு குடும்பம் பலூனில் தொடங்கி, டயர் வழியாகப் பொம்மைக்கே திரும்பி வந்தது. கசார்வாடியின் கடைத்தெருவில் இந்த இரு கதைகளும் சந்திக்கின்றன.

கசார்வாடி மெட்ரோ நிலையத்திலிருந்து இறங்கி, பழைய மும்பை–புனே நெடுஞ்சாலையை ஒட்டிக் கொஞ்சம் நடந்தால் வருகிற சின்னக் கடை அது. நோட்டுப் புத்தகம், பேட்டரி, பிறந்தநாள் தொப்பி, கயிற்றில் தொங்கும் பந்துகள். மாலை ஆறரை மணி. போசரி தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்தவர்கள் ஷேர் ஆட்டோக்களில் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து வயதுப் பையன் ஒருவன் கண்ணாடி அலமாரியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறான். “அப்பா, லால் காடி!” வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி. ஆசை வரும்போது இரண்டும் சேர்ந்தே வாயில் வருகின்றன.

அப்பா விருதுநகர்ப் பக்கத்துக்காரர். ஐடிஐ முடித்து இங்கே வந்தவர், டூல் ரூம் ஃபிட்டர். டை எனப்படும் அச்சுதான் அவர் தொழில். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த சிவப்புக் காரை அவர் உடனே பையனிடம் தந்துவிடவில்லை. கவிழ்த்துப் பார்த்தார். சக்கரத்தைச் சுண்டினார். கட்டைவிரல் நகத்தை அதன் பக்கவாட்டில் மெல்ல ஓட்டினார். ஓரிடத்தில் நகம் தட்டி நின்றது.

“பாருங்க சார், இந்தக் கோடு. டையோட ரெண்டு பாதியும் சேர்ற இடம். இங்க பிசிறு நிக்குது. டை தேய்ஞ்சுபோச்சு. தேய்ஞ்ச பிறகும் ஓட்டிட்டே இருந்திருக்காங்க. பிள்ளை கையைக் கிழிக்கும்.”

அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விலை கூடுதலான இன்னொன்றை எடுத்தார். அட்டைப் பெட்டிக்குள் சிவப்பு ஃபெராரி. கோடு தெரியவே இல்லை. கவிழ்த்தால் அடியில் இத்தாலிய ஊர் ஒன்றின் பெயர். அதன் பக்கத்திலேயே, சீனாவில் தயாரித்தது என்ற வரி. அவர் அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: “நிஜக் காருக்கே நாங்க இங்க டை போடுறோம் சார். பொம்மைக் காருக்கு நம்ம டை ஒண்ணு இல்லையே.”

ஒரு பக்கம் பிம்பிரியில் டாடா மோட்டார்ஸ் ஆலை, இன்னொரு பக்கம் போசரியின் நூற்றுக்கணக்கான பட்டறைகள். நடுவில் நின்று அவர் இதைச் சொல்கிறார். சும்மா தள்ளிவிடக்கூடிய பேச்சு அல்ல இது. 2020-லிருந்து நாடே பொம்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. சுங்க வரி கூடியது, தரச் சட்டம் வந்தது, ஏற்றுமதிக் கணக்குகள் மேடையேறின. ஆனால் அச்சு யாருடையது, அதன் மேல் இருக்கும் பெயர் யாருடையது என்ற கேள்விக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை.

பெட்டியின் அடியில் இருந்த ஊர்

அந்தப் பெயர் புராகோ. இத்தாலியின் மிலான் நகருக்கு அருகில் உள்ள புராகோ டி மோல்கோரா என்ற சிற்றூரின் பெயர். பெசானா சகோதரர்கள் 1959-இல் தொடங்கிய நிறுவனத்துக்கு மெபேடாய்ஸ் என்று பெயர். 1960-களின் நடுவில் அவர்கள் உலோகப் பொம்மைக் கார்களில் இறங்கினார்கள். கதவு திறக்கும், பானெட் தூக்கும், உள்ளே எஞ்சின் தெரியும். 1969-இல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் மெபேடாய்ஸை வாங்கிக்கொண்டது.

விற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. 1974-இல் அதே குடும்பம் மார்டாய்ஸ் என்ற பெயரில் மறுபடி தொடங்கியது. 1976-இல் நிறுவனம் இருந்த ஊரின் பெயரையே முதல் எழுத்தை இரட்டித்துச் சூட்டியது. நிஜக் காரில் 24-இல் ஒரு பங்கு, 18-இல் ஒரு பங்கு என்று பெரிய அளவில், நடுத்தர வீட்டுக்குக் கட்டுப்படியாகும் விலையில் செய்ததுதான் அவர்களுடைய சாதனை. 80-களில் பையனின் அலமாரியில் புராகோ ஃபெராரி இல்லாத ஐரோப்பிய வீடு அரிது.

சரிவு இரண்டு பக்கமிருந்து வந்தது. ஒன்று, சீனாவின் உற்பத்திச் செலவு. இன்னொன்று, உரிமம். ஃபெராரியின் பெயரில் பொம்மை செய்யும் தனி உரிமை 1999-இல் மேட்டலுக்குப் போனது. இத்தாலியக் காரை இத்தாலியப் பொம்மைக்காரர் செய்ய முடியாத நிலை. 2005-இல் நிறுவனம் திவாலானது. ஹாங்காங்கைச் சேர்ந்த மே சியோங் குழுமம் அந்தப் பெயரை வாங்கியது. 2015-இல் ஃபெராரி உரிமம் மீண்டும் புராகோவுக்கே வந்தது. அப்போது பெயர் மட்டும்தான் இத்தாலியுடையது. குடும்பமும் ஆலையும் அதில் இல்லை.

கசார்வாடிக் கடையில் அந்த ஃபிட்டர் கையில் பிடித்திருந்தது இந்த வரலாற்றின் கடைசிப் பக்கம். தொழில்திறன் இருந்தது, உழைப்பு இருந்தது, வாங்குவோர் இருந்தார்கள். கையில் இல்லாமல் போனது உரிமம்.

பெட்டிச் செய்தி: இத்தாலியின் பொம்மைக் குடும்பங்கள்

• 1946: கோமோ நகரில் பியத்ரோ கத்தெல்லி ஆர்ட்சானா நிறுவனத்தைத் தொடங்கினார். 1958-இல் பிறந்த மகன் என்ரிகோவின் செல்லப் பெயர்தான் ‘கிக்கோ’ என்ற குழந்தைப் பொருள் பிராண்டு.

• 1949: ஜூசெப்பே பெரேகோ தன் மகனுக்காகச் செய்த தள்ளுவண்டியிலிருந்து பெக் பெரேகோ பிறந்தது.

• 1950: தூரின் நகரில் குவெர்செத்தி. துளைப் பலகையில் வண்ண ஆணிகளைச் செருகிப் படம் செய்யும் விளையாட்டால் புகழ்பெற்றது.

• 1963: ரெகனாத்தி ஊரில் மாரியோ கிளமெந்தோனி. கல்வி விளையாட்டுகளும் ஜிக்சாக்களும். இன்றும் அதே ஊரில், குடும்பத்தின் கையில்.

திருவொற்றியூர்க் கொட்டகை

பியத்ரோ கத்தெல்லி கோமோவில் தொழில் தொடங்கிய அதே 1946-இல், சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் தயாரானது. தொடங்கியவர் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை, அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். கோட்டயத்தின் மலையாள மனோரமா குடும்பம். தந்தை கே.சி.மாம்மன் மாப்பிள்ளையின் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி 1938-இல் மூழ்கியது. தந்தை சிறைக்குப் போனார். வசதியாக வளர்ந்த பையன், சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்த காலத்தில் விடுதி அறைக்குக் கூட வழியில்லாமல் தரையில் படுத்துத் தூங்கினார்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவர் முதலில் செய்தது, குழந்தைகள் கேட்டு அழும் பொருளை. பலூனைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைக் கடை கடையாக ஏறி அவரே விற்றார். மனைவியும் கூட நின்றார். 1949-இல் தம்புச் செட்டித் தெருவில் அலுவலகம் போட்டார். ரப்பர் பாலில் வார்த்த பொம்மைகளும் கையுறைகளும் வந்தன. 1952-இல் டயருக்கு மேல்பட்டை ரப்பர். 1961-இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் துணையோடு முதல் டயர். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்ற அந்தப் பெயரைத்தான் நாம் எம்ஆர்எஃப் என்கிறோம். 2023 ஜூனில் அதன் ஒரு பங்கு 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியப் பங்குச்சந்தையில் வேறு எந்தப் பங்கும் அதற்கு முன் அந்த உயரத்தைத் தொட்டதில்லை.

டயரில் வென்றதோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் 1987-இல் அதே குழுமம் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து ஃபன்ஸ்கூலைத் தொடங்கியது. கோவாவில் ஆலை, பிறகு ராணிப்பேட்டையிலும். 80-களின் கடைசியிலும் 90-களிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசு என்றாலே ஃபன்ஸ்கூல் பெட்டிதான்.

இரண்டு குடும்பங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. பெசானாக்கள் பொம்மையில் மட்டுமே நின்றார்கள், காற்று மாறியபோது சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லை. மாம்மன் மாப்பிள்ளை குடும்பத்துக்கு டயர் என்ற சுவர் இருந்தது. லாபம் மெதுவாக வரும் பொம்மைத் தொழிலைப் பல ஆண்டுகள் பொறுமையாக நடத்த அது கைகொடுத்தது. பொம்மைத் தொழிலுக்கு முதலீட்டைவிட முக்கியம் பொறுமை. ஒரு நல்ல அச்சு செய்யப் பணமும் மாதங்களும் ஆகும். அந்தப் பொம்மை ஓடுமா ஓடாதா என்பது கடைக்குப் போன பிறகுதான் தெரியும்.

அடுத்தவர் அச்சில் ஓடிய காலம்

உலோகப் பொம்மைக் கார் எப்படிப் பிறக்கிறது? துத்தநாகத்தோடு கொஞ்சம் அலுமினியம் சேர்ந்த கலவை 380 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் உருகும். அதை அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்துவார்கள். சில விநாடிகளில் இறுகும். இரண்டு பாதி பிரியும், ஊசிகள் உள்ளிருந்து தள்ள, காரின் கூடு வெளியே விழும். பிசிறு தட்டி, உருட்டி மெருகேற்றி, வண்ணம் அடித்து, சின்ன எழுத்துகளைப் பட்டுப் போன்ற ரப்பர் திண்டால் ஒற்றி எடுத்தால் கார் தயார். இதில் எல்லாமே அச்சில்தான் இருக்கிறது. அச்சு ஒரு மயிரிழை தேய்ந்தால் அடுத்த லட்சம் கார்களிலும் அந்தத் தேய்மானம் தெரியும்.

1960-களின் கடைசியில் பிரிட்டனின் டிங்கி டாய்ஸ், ஓட்டி முடித்த அச்சுகள் சிலவற்றைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. அங்கே எஸ்.குமார் அண்ட் கோ நிறுவனம் அவற்றில் நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் கார்களை வார்த்தது. கல்கத்தாவின் மில்டன் பொம்மைகளுக்கும் இதே போன்ற வெளிநாட்டு வேர் உண்டு. இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். ஆனாலும் அவை அடுத்த வீட்டில் உடுத்திக் கழித்த சட்டை. மூலத்தின் கூர்மை அவற்றில் இல்லை.

ஃபன்ஸ்கூலும் தொடக்கத்தில் ஹாஸ்ப்ரோவின் பொம்மைகளைத்தான் செய்தது. ஜி.ஐ. ஜோ வீரர்கள் அங்கிருந்து வந்தவர்கள். இங்கே அவர்களுக்கு வேறு வண்ணம் பூசினார்கள், பாகங்களை மாற்றிப் பொருத்தினார்கள். அந்த இந்தியப் பதிப்புகளை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் தேடிப் பிடித்தார்கள். அடுத்தவர் அச்சில் தொடங்கினாலும் அங்கேயே நின்றுவிடாமல், கிக்கிள்ஸ், ஹேண்டிகிராஃப்ட்ஸ், ஃபன்டோ என்று சொந்தப் பெயர்களுக்கு அந்த நிறுவனம் நகர்ந்தது. இரவல் அச்சு ஒரு பள்ளிக்கூடம் மாதிரி. அதில் படிக்க வேண்டும், படித்து முடித்து வெளியே வரவும் வேண்டும்.

சொந்த அச்சின் வலிமைக்கு டென்மார்க்கின் லெகோ சாட்சி. 1932-இல் பில்லுண்ட் ஊரில் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் தொடங்கிய குடும்பத் தொழில். இன்றைய லெகோ கட்டைக்கு 1958-இல் காப்புரிமை கேட்டார்கள். அன்றைய கட்டை இன்றைய கட்டையோடு ‘டக்’ என்று பொருந்தும். 2003-இல் நிறுவனம் பெரும் நஷ்டத்தில் விழுந்தபோது, குடும்பம் 2004-இல் தலைமைப் பொறுப்பை வெளியாளிடம் கொடுத்தது. உரிமையை மட்டும் விடவில்லை. மீண்டது.

சட்டம் வந்த பிறகு

2020 பிப்ரவரி பட்ஜெட்டில் பொம்மை இறக்குமதிக்கான சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-இல் 70. அதைவிடப் பெரிய மாற்றம் தரக் கட்டுப்பாட்டு ஆணை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியத் தரநிலை அமைவனத்தின் (பிஐஎஸ்) ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் பொம்மையைச் செய்யவோ, இறக்குமதி செய்யவோ, விற்கவோ கூடாது.

பெட்டிச் செய்தி: எண்களில்

• 2014–15-இல் பொம்மை இறக்குமதி 33.25 கோடி டாலர். 2022–23-இல் 15.87 கோடி. 52 சதவீதம் குறைவு.

• அதே காலத்தில் ஏற்றுமதி 9.61 கோடி டாலரிலிருந்து 32.57 கோடிக்கு உயர்ந்தது. 239 சதவீதம் அதிகம்.

• 2019-இல் இந்தியத் தரக் கவுன்சில் சோதித்த இறக்குமதிப் பொம்மைகளில் சுமார் 67 சதவீதம் பாதுகாப்புச் சோதனையில் தோற்றன.

• 2023 ஜனவரியை ஒட்டிய ஒரு மாதத்தில், முத்திரை இல்லாமல் விற்ற 18,500-க்கும் மேற்பட்ட பொம்மைகளைப் பெரிய கடைகளிலிருந்து அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள்.

எண்கள் நம்பிக்கை தருகின்றன. களத்தில் பார்த்தால் மாற்றம் எல்லோருக்கும் ஒரே மாதிரி அல்ல. சொந்த ஆய்வகம் வைக்க முடிந்த பெரிய ஆலைகளுக்கு இந்தச் சட்டம் திறந்த வாசல். நான்கு மோல்டிங் மெஷின் வைத்து, அண்ணன் ஆர்டர் பிடிக்க, தம்பி மெஷின் பார்க்க, வீட்டுப் பெண்கள் பேக்கிங் செய்யும் குடும்பப் பட்டறைக்கு ஆய்வகம் என்பது மலை. இதை உணர்ந்துதான் குறுந்தொழில்களுக்குச் சொந்த ஆய்வக விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். தளர்வு முடிந்தால் என்ன செய்வது என்ற கவலை அந்தப் பட்டறைகளை விடவில்லை.

இன்னொரு முடிச்சும் உண்டு. சுவிட்சு போட்டால் ஓடும் பொம்மைக்குள் இருக்கும் குட்டி மோட்டார், பாடும் சில்லு, விளக்கு இவற்றில் பெரும்பகுதி இன்னமும் வெளியிலிருந்துதான் வருகிறது. முழுப் பொம்மையை வாசலில் தடுத்துவிட்டு, அதன் இதயத்தையும் குரலையும் கொல்லைப்புறமாக வரவழைத்துப் பூட்டினால் அதைச் சொந்தத் தொழில் என்று எவ்வளவு காலம் சொல்ல முடியும்? வரி என்பது வேலி. வேலிக்குள் பயிர் வைப்பது நம் பொறுப்பு.

குழந்தையின் வாயில் போகிற பொருள்

சட்டத்தை வியாபாரக் கணக்கில் மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பொம்மை என்பது வாயில் போகிற பொருள். 2007-இல் மேட்டல் நிறுவனமே சீனாவில் செய்த லட்சக்கணக்கான பொம்மைகளை ஈய வண்ணத்துக்காகவும், கழன்று வரும் காந்தத்துக்காகவும் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அவ்வளவு பெரிய பெயருக்கே அந்தக் கதி என்றால், பெயரே இல்லாத பொம்மைக்கு யார் பொறுப்பு?

ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மிருதுவான பிளாஸ்டிக்கில் சேர்க்கும் தாலேட் வகை ரசாயனங்கள் உடலின் சுரப்பிகளைப் பாதிக்கலாம். பொத்தான் பேட்டரியை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிமிடங்கள் அவை. அந்த ஃபிட்டர் நகத்தால் தடவிக் கண்டுபிடித்த பிசிறு, எல்லாப் பெற்றோர் கண்ணுக்கும் தெரிவதில்லை. அதனால்தான் முத்திரை வேண்டும்.

சொப்பும் பாதுக்லியும்

பொம்மைக் குடும்பங்கள் என்று தேடி இத்தாலி வரை போக வேண்டியதே இல்லை. புனேயின் கசாபா பேட்டையில் தாம்பட் ஆளி என்று ஒரு சந்து. செம்புப் பாத்திரம் அடிக்கும் குடும்பங்களின் தெரு. மராத்தி வீடுகளில் பெண் குழந்தைகள் விளையாட உள்ளங்கை அளவில் அடுப்பு, குடம், அண்டா, ஜல்லிக்கரண்டி என்று முழுச் சமையலறையே செய்து வைப்பார்கள். அதற்குப் பாதுக்லி என்று பெயர். நம் ஊரில் அதுவே சொப்புச் சாமான். அம்பாசமுத்திரத்தில் கடைசல் பட்டறையில் மரத்தைச் சுழலவிட்டு, அரக்கை அதன் மேல் அழுத்தி வண்ணம் ஏற்றும் குடும்பங்கள் தலைமுறைகளாக இதைச் செய்துவருகின்றன. கர்நாடகத்தின் சென்னப்பட்டணத்திலும் இதே அரக்குக் கடைசல்தான். அடி கனத்த தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு உண்டு. எவ்வளவு தள்ளினாலும் எழுந்து உட்காரும்.

இந்தக் கைவினைஞர்களில் பதிவு பெற்றவர்களுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணையிலிருந்து விலக்கு இருக்கிறது. அது வேண்டிய விலக்கு. ஆனால் விலக்கு மட்டும் சோறு போடாது. தஞ்சாவூரில் களிமண் பிசையும் வீட்டுப் பிள்ளையும், அம்பாசமுத்திரத்தில் கடைசல் இயந்திரத்தின் முன் உட்காரும் பையனும் அந்த வேலையைத் தொடர வேண்டுமானால், அதில் வருமானமும் மரியாதையும் இருக்க வேண்டும். கண்காட்சியில் ஒரு நாள் பாராட்டிவிட்டு, வீட்டுக் கொலுவுக்கு பிளாஸ்டிக் வாங்குவது அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் துரோகம்.

கசார்வாடிக்குத் திரும்பினால்

குடும்பத் தொழில் என்றால் சின்னத் தொழில் என்று நினைக்க வேண்டாம். இதே கசார்வாடியில் நெடுஞ்சாலை ஓரமாகவே இருக்கிறது ஃபோர்ப்ஸ் மார்ஷல். ஆலைகளுக்கு நீராவிக் கருவிகள் செய்யும் நிறுவனம், ஃபோர்ப்ஸ் குடும்பத்தின் கையில் தலைமுறைகளாக இருப்பது. பொறியியல் அறிவும் குடும்பத்தின் பொறுமையும் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த மதில் சுவருக்குள்ளேயே பதில் இருக்கிறது.

போசரியில், ஓசூரில், கோவையில் அச்சு போடத் தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. குறைவு வேறு இடத்தில். பொம்மையை யோசித்து வரைகிற வடிவமைப்பாளர்களுக்கு இங்கே போதுமான படிப்பும் சம்பளமும் இல்லை. புதிய அச்சு ஒன்றில் பணம் போட்டு இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்கும் வங்கி இல்லை. நான்கு பட்டறைகள் சேர்ந்து பயன்படுத்தத்தக்க பொது ஆய்வகங்கள் போதவில்லை. சுங்க வரியை 70 சதவீதத்திலிருந்து இன்னும் ஏற்றுவதால் இந்த மூன்றும் வந்துவிடாது. அரசு செலவழிக்க வேண்டிய இடங்கள் இவைதான். அப்படிச் செய்யாவிட்டால் நாம் இன்னொரு நாட்டின் பழைய அச்சுக்கும், இன்னொரு நிறுவனத்தின் உரிமத்துக்கும் கூலி வேலை செய்துகொண்டிருப்போம். உரிமம் கை மாறிய நாளில் பெசானா குடும்பத்துக்கு நேர்ந்தது நமக்கும் நேரும்.

வாங்குகிற நமக்கும் பங்கு உண்டு. அடுத்த முறை கடைக்குப் போகும்போது பொம்மையைக் கவிழ்த்துப் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, அதோடு உரிம எண் இருக்கிறதா என்று தேடுங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் செய்தவர் யார் என்று தெரிந்துவிடும். மூன்று வயதுக்குக் கீழே கூடாது என்ற குறி இருந்தால் மதியுங்கள். பேட்டரி மூடி திருகாணியால் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஓரங்களில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நவராத்திரிக்கும் பிறந்தநாளுக்கும் ஒரு மரச் சொப்பு, ஒரு தலையாட்டிப் பொம்மை வாங்குங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள்.

அன்று மாலை அந்த ஃபிட்டர் இரண்டு காரையும் வாங்கவில்லை. முத்திரையும் உரிம எண்ணும் இருந்த, இந்தியாவில் செய்த பிளாஸ்டிக் ஆட்டோ ரிக்‌ஷா ஒன்றைத் தேடி எடுத்தார். பின்னுக்கு இழுத்து விட்டால் ஓடுகிற வகை. ஓரங்களை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் பையன் கையில் கொடுத்தார்.